லைம் நோயும் ஒரு தாயின் குறிப்பேடும்

நோய்களுக்குப் பெயர் அமைந்த வகைகள் பல. உடலுறுப்பின் பெயரால் அமைந்தன சில; கண்டறிந்த அறிஞரின் பெயரால் அமைந்தன சில; ஊரின் பெயரைத் தாங்கி நிற்பன வேறு சில. லைம் நோய் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்கில் கனெக்டிகட் என்றொரு சிறு மாநிலம் உண்டு. அதன் நடுவே ஓடும் கனெக்டிகட் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில், கீழ்க்கரையில், லைம், ஓல்டு லைம் என இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மரங்கள் அடர்ந்த அழகிய ஊர்கள் அவை. ஓவியர்கள் தேடிச்சென்று குடியேறிய இடமும் ஆகும். அத்தகைய ஊரின் பெயர் ஒரு நோய்க்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? அந்நோய் நீங்கிய பின்னும் சிலருடைய உடல் ஏன் பழைய நிலைக்கு மீளுவதில்லை? அவர்கள் அதனோடு எங்ஙனம் வாழ்கின்றனர்? இவ்வினாக்களையே இன்று ஆராயப் போகிறோம்.

லைம் ஊரில் பாலி மரே என்னும் அம்மையார் தம் கணவரோடும் நான்கு மக்களோடும் வாழ்ந்து வந்தார். 1960-களிலேயே அவருடைய உடலில் இனம் விளங்காத துன்பங்கள் தோன்றின. மூட்டுகள் வீங்கும்; பின்னர் வற்றும். காய்ச்சல் வரும், போகும். தோலில் தடிப்புகள் தோன்றும், தாமே மறையும். தலைவலியும் பெருங்களைப்பும் நாள்கணக்கில் வாட்டும். மருத்துவர் பலரை நாடினார். சோதனைகளில் ஒன்றும் புலப்படவில்லை. ஆகவே, இவையெல்லாம் மனத்தின் விளைவாக இருக்கலாம் என்னும் கருத்தே அவருக்குப் பலகாலும் மறுமொழியாகக் கிடைத்தது. பிற்காலத்தில் அவருடைய கணவருக்கும் புதல்வர்களுக்கும் முழங்கால்கள் வீங்கத் தொடங்கின.

அம்மையார் மருத்துவம் பயின்றவர் அல்லர். ஆயினும் ஒரு காரியத்தை அவர் இடைவிடாது செய்து வந்தார். எந்த நாளில், யாருக்கு, உடலின் எப்பகுதியில், என்ன நேர்ந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அண்டை வீட்டாரை விசாரித்தார். தம் குழந்தைகளுக்குக் கண்டது போலவே அக்கம்பக்கத்துக் குழந்தைகள் பலருக்கும் முழங்கால் வீக்கம் கண்டிருப்பதை அறிந்தார். அக்குழந்தைகளுக்கு ‘இளம்பருவ முடக்குவாதம்’ என்று மருத்துவர் பெயரிட்டிருந்தனர். அந்நோய் மிக அரிதாகக் காண்பது, ஒட்டிப் பரவாதது. அப்படியிருக்க, ஒரே சாலையில் உள்ள பல வீடுகளில் அது எவ்வாறு தோன்றும்? 1975-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அம்மையார் இக்கேள்வியை மாநிலச் சுகாதாரத் துறையினரிடம் தொலைபேசி வாயிலாக எழுப்பினார். ஏறத்தாழ அதே காலத்தில் அவ்வட்டாரத்துத் தாய் வேறொருவரும் இதே ஐயத்தோடு அத்துறையை அணுகினார்.

இம்முறை கேட்பதற்கு ஆள் இருந்தது. அருகிலிருந்த யேல் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஸ்டீர் என்னும் இளம் மருத்துவர் மூட்டுநோய்த் துறையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அம்மையார் கொணர்ந்த பட்டியலை அவர் பொறுமையோடு படித்தார். குடும்பங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். அடுத்தடுத்து அமைந்த மூன்று ஊர்களில் 51 பேர் இந்நோய் கண்டவராக இருந்தனர். அவர்களுள் 39 பேர் குழந்தைகள். சில நாட்டுப்புறச் சாலைகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை நோயுற்றிருந்தது. பெரும்பாலோருக்கு நோய் தொடங்கியது கோடையிலோ கோடை முடிந்த உடனேயோ ஆகும். அவர்களுள் நான்கில் ஒரு பகுதியினர், மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் தோலில் ஒரு சிவந்த தடிப்பு வட்டமாக விரிந்ததை நினைவுகூர்ந்தனர். 1977-இல் வெளியான ஆய்வுரையில் இதற்கு ‘லைம் மூட்டுவாதம்’ என்று பெயரிட்டனர்.

விரிந்து செல்லும் அவ்வட்டத் தடிப்பு ஐரோப்பாவுக்குப் புதியதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டுத் தோல் மருத்துவர் ஆர்விட் அஃப்சீலியஸ், உண்ணி கடித்த இடத்திலிருந்து இத்தகைய வளையம் பரவுவதை மருத்துவர் அவையில் எடுத்துரைத்திருந்தார். 1922-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் இருவர், உண்ணிக் கடிக்குப் பின் நரம்பு நோய் கண்ட ஒருவரைப் பற்றி எழுதினர். 1951-இல் பெனிசிலின் கொடுத்தால் இத்தடிப்பு மறையும் என்ற செய்தியும் சுவீடனிலிருந்து வெளிவந்தது. ஆனால், தோல் மருத்துவர் தோலைக் கண்டார். நரம்பு மருத்துவர் நரம்பைக் கண்டார். மூட்டு மருத்துவர் மூட்டைக் கண்டார். இவையனைத்தும் ஒரே நோயின் வெவ்வேறு முகங்கள் என்பதை ஒருங்கே கண்டவர் எவருமிலர். அவற்றையெல்லாம் ஒரே ஏட்டில் எழுதிவைத்திருந்தவர், அவற்றை ஒரே குடும்பத்தில் அனுபவித்த தாய்தான்.

இனி, உண்ணியைப் பற்றிச் சிறிது காண்போம். மாட்டின் காதுமடலிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு குருதி குடிக்கும் உண்ணியை நாம் அறிவோம். ‘உண்’ என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி, தன் ஏறத்தாழ ஈராண்டு வாழ்வில் மூன்று முறை மட்டுமே உணவு கொள்கிறது. குஞ்சாக இருக்கையில் ஒரு முறை, இளம் உண்ணியாக வளர்ந்தபின் ஒரு முறை, முதிர்ந்தபின் ஒரு முறை. முட்டையிலிருந்து வெளிவரும்போது அதன் உடலில் லைம் நோயின் கிருமி இல்லை. காட்டில் வாழும் வெண்கால் எலியின் குருதியைக் குடிக்கும்போதே கிருமி அதனுள் புகுகிறது. மறு ஆண்டு அவ்விளம் உண்ணி மனிதரைக் கடித்தால், கிருமி மனிதருக்கு வருகிறது. இளம் உண்ணி கசகசா விதையளவே இருப்பதால், கடிபட்டவர் பலர் அதனைப் பார்ப்பதே இல்லை.

இவ்வுண்ணி பெருகியதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வடகிழக்கு அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர் காடுகளை வெட்டி வயல்களாக்கினர், மான்கள் அருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழவர்கள் மேற்கே வளமான நிலங்களை நாடிச் சென்றனர். கைவிடப்பட்ட வயல்களில் மீண்டும் காடு மூண்டது; மான்கள் திரும்பின. முதிர்ந்த உண்ணிக்கு மானே சிறந்த விருந்தோம்பி. இருபதாம் நூற்றாண்டில் மக்கள் அக்காடுகளின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டனர். எலியும், மானும், உண்ணியும், மனிதரும் ஒரே தோட்டத்தில் கூடினர். நிலத்தின் வரலாறு இவ்வாறு மனித உடலின் வரலாறாக மாறியது.

கிருமியைக் கண்டறிந்த பெருமை வில்லி பர்க்டார்ஃபரைச் சாரும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1925-இல் பிறந்த அவர், அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ராக்கி மலை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981-இல், நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை வேறொரு காய்ச்சலின் காரணத்தைத் தேடி அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் குடலில், தக்கைத் திருகு போன்று சுருண்ட மெல்லிய கிருமிகளை நுண்ணோக்கியில் கண்டார். ஐரோப்பிய மருத்துவர்களின் பழைய குறிப்புகளை அவர் முன்பே பயின்றிருந்தார். ஆதலால், தாம் கண்டது என்ன என்பது அவருக்கு விரைவிலேயே புலனாயிற்று. 1982-இல் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. பின்னர் அக்கிருமிக்கு அவர் பெயராலேயே ‘பொரீலியா பர்க்டார்ஃபெரி’ என்று பெயர் சூட்டப்பட்டது.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெளிவாயிற்று. டாக்சிசைக்ளின், அமாக்சிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தொடக்கத்திலேயே சில வாரங்கள் உட்கொண்டால் பெரும்பாலோர் முழுநலம் பெறுகின்றனர். கவனியாது விட்டால் கிருமி முகநரம்பைத் தாக்கி முகத்தை ஒருபுறம் செயலிழக்கச் செய்யலாம். இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். மூட்டுகளை வீங்கச் செய்யலாம். இரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது. அது கிருமியைக் காட்டுவதன்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருளைக் காட்டுவது. அப்பொருள் தோன்றச் சில வாரங்கள் ஆகும். நோய் தீர்ந்த பின்னும் அது நெடுநாள் நிற்கும். ஆகையால், மிக முற்பட்ட நிலையில் ‘நோயில்லை’ என்று சோதனை சொன்னாலும் நோய் இருக்கலாம். பிற்காலத்தில் ‘உண்டு’ என்று சொன்னாலும் கிருமி இல்லாதிருக்கலாம்.

ஐக்கிய அமெரிக்க நாட்டில் 2010 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்கு மருத்துவம் பெற்றதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டுள்ளது. மருந்துண்டவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்குக் கிருமி நீங்கியும் துன்பம் நீங்குவதில்லை. களைப்பு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கின்றன. இவர்களுள் சிலரிடம் மற்றொரு வகைக் கோளாறும் காணப்படுகிறது. எழுந்து நின்றால் இதயம் படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, கண் இருள்கிறது, படுத்தால் தணிகிறது. லைம் நோய்க்குப் பின் இக்கோளாறு தோன்றியவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் சிலர் 2011-இல் ஓர் இதயநோய் இதழில் எழுதினர். இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், தன்னியக்க நரம்பு மண்டலத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் உடலில் நாம் ஏவி நடப்பன சில. ஏவாமலே நடப்பன பல. கையை உயர்த்துவது நம் விருப்பம். இதயம் துடிப்பதும், இரைப்பை செரிப்பதும், வியர்வை சுரப்பதும் நம்மைக் கேட்டு நடப்பவையல்ல. அவற்றை ஆளும் நரம்புகளின் தொகுதிக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று 1898-இல் பெயரிட்டவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் ஜான் லாங்லி. அதில் இரு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் அதனை அடக்கும். வண்டியோட்டி ஒருவன் சாட்டையையும் கடிவாளத்தையும் மாறிமாறிப் பயன்படுத்துவது போல, இவ்விரண்டும் கூடி உடலைச் சமநிலையில் வைக்கின்றன.

நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது, அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி மார்பிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அக்கணமே தன்னியக்க நரம்புகள் காலின் குருதிக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தைச் சற்றே விரைவுபடுத்தி, மூளைக்குக் குருதி குறையாமல் காக்கின்றன. நாம் அதனை உணர்வதே இல்லை. பள்ளியில் காலை வழிபாட்டின்போது வெயிலில் நெடுநேரம் நின்ற பிள்ளை சில வேளைகளில் மயங்கி விழுவதுண்டு. என் ஆசிரியப் பணிக்காலத்தில் அத்தகைய பிள்ளைகளைத் தூக்கி நிழலில் கிடத்திக் காலை உயர்த்திவைத்திருக்கிறோம். சற்று நேரத்தில் தெளிந்து எழுந்துவிடுவார்கள். நலமுள்ள பிள்ளைக்கு என்றோ ஒருநாள் நேரும் அத்தளர்ச்சியைப் போன்றதொன்று, இந்நரம்புகள் பிழைபட்டவருக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் நேர்கிறது.

இதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஃபிலடெல்ஃபியா நகர் இராணுவ மருத்துவமனையில் ஜேக்கப் டா கோஸ்டா என்னும் மருத்துவர் விந்தையான நோயாளர்களைக் கண்டார். அவர்கள் இளைஞர்கள், இதயத்தில் பழுது தெரியவில்லை. ஆயினும் சிறு உழைப்புக்கும் நெஞ்சு படபடத்தது, மூச்சு இரைத்தது, தலை சுற்றியது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு தேறிய பின்னரே இத்துன்பம் தொடங்கியதைப் பலரிடம் அவர் குறித்துக்கொண்டார். 1871-இல் முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையிலும் இதே நிலை பெருவாரியாகத் தோன்றியது. ‘சிப்பாயின் இதயம்’ என்று அதனை அழைத்தனர். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1918-இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். படுக்கையிலேயே கிடத்திவைப்பதைக் காட்டிலும், படிப்படியாக உயர்த்தப்படும் உடற்பயிற்சியே இவர்களுக்கு நன்மை செய்வதை அவர் கண்டார்.

1993-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர் இருவர், நிற்கும்போது தோன்றும் இத்துடிப்பு மிகுதிக்கு இன்று வழங்கும் பெயரைத் தந்து இலக்கணம் வகுத்தனர். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பாட்ஸ்’ என்பர். எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள், இரத்த அழுத்தம் பெரிதும் வீழாமலே, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 30-க்குக் குறையாமல் உயர்ந்து நிற்பது அதன் அடையாளம். வளரிளம் பருவத்தினருக்கு இந்த அளவு 40. இளம்பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. தொற்றுநோய்க்குப் பின் இது தோன்றுவதுண்டு என்பதும் தெளிவாயிற்று. 2020-இல் கொரோனா பெருந்தொற்று பரவிய பின்னர், உலகின் பல நாடுகளிலும் தேறியவர் பலருக்கு இக்கோளாறு காணவே, மருத்துவ உலகம் இதன்பால் புதிய கவனம் செலுத்தலாயிற்று. லைம் கிருமி இதனை எவ்வழியில் தோற்றுவிக்கிறது என்பது இன்றும் ஆராய்ச்சியில் உள்ளது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்பு, தன் நரம்பையே தாக்குகிறது என்று கருதுவோர் உண்டு. மெல்லிய நரம்பிழைகள் சிதைந்திருக்கலாம் என்போரும் உண்டு.

இந்நிலையோடு வாழ்வோரின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். கண் விழித்தவுடன் துள்ளி எழ இயலாது. முதலில் தண்ணீர் அருந்தி, படுக்கையில் அமர்ந்து, காலை அசைத்து, பின்னரே நிற்க வேண்டும். நாள் முழுவதும் நீரை மிகுதியாகப் பருக வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில் உப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும். காலை இறுகப் பற்றும் காலுறையை அணிகின்றனர். வரிசையில் நிற்பதும், வெந்நீரில் குளிப்பதும், வயிறு நிறைய உண்பதும் துன்பம் தருகின்றன. உடற்பயிற்சியைப் படுத்தநிலையிலும் அமர்ந்தநிலையிலும் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்துகின்றனர். லூயிஸ் கண்ட வழி இன்றும் கைகொடுக்கிறது. களைப்பு ஏறுமுன் ஓய்வு கொள்ளும் கணக்கையும் அவர்கள் பழகிக்கொள்கின்றனர்.

இந்த வேதனையில் ஒரு சாரார் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மாதக்கணக்கில் தொடர்ந்தால் நலம் வருமோ என்று ஏங்கினர். 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றும், 2016-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றும் இதனைச் சோதித்துப் பார்த்தன. நெடுங்கால மருந்து கூடுதல் பயன் தரவில்லை. நோயாளி சொல்வது உண்மை. அதற்கென்று கிடைக்கும் எந்த மருந்தையும் உண்ணலாம் என்பது உண்மையன்று. இவ்விரண்டையும் ஒருசேர மனத்திற்கொள்வதே அறிவுடைமை.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் பழமொழி. லைம் நோயாளியின் முகத்தில் நோய் தெரிவதில்லை. இரத்தத்திலும் பல வேளை தெரிவதில்லை. ஆகவே சோம்பல் என்றும், அச்சம் என்றும், பாசாங்கு என்றும் பெயர் சூட்டுவது எளிதாகிறது. டா கோஸ்டாவின் வீரர்களும், மரே அம்மையாரும், இன்று நிற்க முடியாமல் தவிக்கும் இளம்பெண்ணும் ஒரே சொல்லைக் கேட்டவர்கள்: ‘உனக்கு ஒன்றுமில்லை.’ ஆனால் நாடித்துடிப்பை எண்ண ஒரு கடிகாரம் போதும். படுத்தநிலையில் எத்தனை, நின்ற பத்தாம் நிமிடத்தில் எத்தனை என்று எழுதினால், ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் நில்லாது.

மாணவர்களே! மரே அம்மையார் தம் அனுபவங்களை 1996-இல் நூலாக எழுதி வெளியிட்டார், 2019-இல் காலமானார். அவர் கிருமியைக் காணவில்லை, மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. நாளும் இடமும் குறித்து, கண்டதைக் கண்டவாறு எழுதினார். அவ்வேட்டைத் திறந்து படிக்க ஒரு மருத்துவர் முன்வந்தார். இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே லைம் நோயின் அறிவியல் பிறந்தது. நாளை உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், பலர் தாய்தந்தையராவீர்கள். உங்கள் எதிரே ஒருவர் வந்து, பிறர் கண்ணுக்குப் புலப்படாத துன்பத்தைச் சொல்லுவார். அப்போது தீர்ப்புச் சொல்ல விரையாமல், எப்போது தொடங்கியது, எப்போது மிகுகிறது, எப்போது தணிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் நலம்பெறும் வழி அந்த ஏட்டிலிருந்தே தொடங்கக் கூடும்.